பெரியப்பா புல்லட் பொன்னாக்குடி தாண்டுனா நின்னுருது, கார்பு (கார்புரேட்டர்) டியூனிங் தெரிஞ்சவங்க கொஞ்சம் வாங்க

பாளை_350:
எல்லாருக்கும் வணக்கம். வண்டி பெரியப்பாவோடது, 1991 மாடல் புல்லட் 350, பழைய காஸ்ட் அயர்ன் இஞ்சின், பாயின்ட் செட்டு (ப்ளக்குக்குப் பொறி குடுக்குற பழைய சுவிட்சு), மிக்கார்ப் விஎம்24 கார்பு (பெட்ரோலையும் காத்தையும் கலக்கி இஞ்சினுக்கு அனுப்புறது). ஆறு வருசமா போர்ட்டிகோல தார்ப்பாய் மூடிக் கெடந்துச்சு. முட்டு ஆபரேசனுக்குப் பொறவு பெரியப்பாவால கிக்கர் மிதிக்க முடியல, "நீயே வச்சி ஓட்டுலே"ன்னு சாவியக் குடுத்துட்டாவ. டேங்க் கழுவி பாலிஷ் போட்டு, புது பேட்டரி, புது ப்ளக், ஆயில் எல்லாம் மாத்தியாச்சி. கார்ப ஒரு ஒர்க்‌ஷாப்ல குடுத்து சுத்தம் பண்ணி ஜெட்டும் (பெட்ரோல் பாயுற சின்ன ஓட்ட உள்ள திருகு) மாத்தி வாங்குனேன், 1,800 ரூவா ஆச்சி.

காலைல ரெண்டாவது கிக்குல ஸ்டார்ட் ஆவுது. முருகன்குறிச்சி, வண்ணார்பேட்டைன்னு ஊருக்குள்ள சுத்துனா ஓடுது, ஆனா சிக்னல்ல ஸ்லோ ஸ்பீடு (ஆக்சிலேட்டர் தொடாம ஓடுறது) நிக்க மாட்டேங்கு, எறங்கி அணையப் போவும், அந்தால தானா ரேஸ் ஏறும், ஆக்சிலேட்டர விட்டா சைலன்சர்ல பட்டாசு. நாலுவழிச் சாலைல நாகர்கோவில் பக்கம் போனா 80ல யாரோ பின்னால புடிச்சி இழுக்க மாதிரி இருக்கு, பாளைலேருந்து பத்துப் பன்னெண்டு கிலோமீட்டர்ல பொன்னாக்குடி தாண்டுனதும் மூச்சு முட்டி நின்னுருது. பத்து நிமிசம் மரத்தடில ஒக்காந்துட்டு மிதிச்சா ஒண்ணுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆவுது. நாலு தடவ இதே கததான். ஏர் ஸ்க்ரூவ (கார்புல காத்து அளவ மாத்துற திருகு) அங்கிட்டும் இங்கிட்டும் திருவித் திருவி முதல்ல எங்க இருந்துச்சின்னே மறந்துட்டு. ஒரு வழி சொல்லுங்க.

கல்லிடை_அப்பளம்:
அந்தக் கார்ப தூக்கி ஆத்துல போட்டுட்டு புதுசா வேற வண்டி கார்பு ஒண்ணு வாங்கி மாட்டு மாப்ள. எங்க மாமா பையன் அப்பிடித்தான் செஞ்சான், வண்டி பறக்குது.

ஷார்ஜா_பேட்டைக்காரன்:
பறக்குதுன்னா எத்தன நாளு பறந்துச்சி, அதையும் சொல்லு.

கல்லிடை_அப்பளம்:
மூணு மாசம். இப்ப வண்டிய வித்துட்டான்.

ஜங்ஷன்_ஸ்பானர்:
தம்பி பாளை, நான் புல்லட்டுல கைவச்சி முப்பது வருசத்துக்கு மேல ஆச்சி, இப்ப கண்ணு சரியில்லன்னு கடைய மூடிட்டேன், அதனால வண்டியப் பாக்காம சொல்லுதேன், நீ பாத்துட்டு வந்து சொல்லணும்.

நீ மூணு சீக்க ஒரே சட்டில போட்டுக் கிண்டுத. பத்துப் பன்னெண்டு கிலோமீட்டர்ல நிக்குறது ஒரு சீக்கு. ஸ்லோ ஸ்பீடு ஏறி எறங்குறது வேற சீக்கு. 80ல இழுக்காம இருக்குறது மூணாவது. மூணுக்கும் மருந்து ஏர் ஸ்க்ரூவுல இருக்குன்னு நெனச்சா வருசம் பூரா திருவிக்கிட்டே இருக்க வேண்டியதுதான். அந்த ஸ்க்ரூ வேல செய்யுறது ஆக்சிலேட்டர் மூடுனதுலேருந்து எட்டுல ஒரு பங்கு, போனா கால் பங்கு தொறக்குற வரைக்கும். 80ல போறப்ப அது இருந்தாலும் இல்லேன்னாலும் ஒண்ணுதான்.

மொதல்ல நிக்குற சீக்கு. ரோட்டுல நின்னதும் நீ என்ன பாத்த? ப்ளக்கக் கழத்துனியா? நனஞ்சிருந்துச்சா, காஞ்சிருந்துச்சா? பொறி அடிச்சதா? இதப் பாக்காம பத்து நிமிசம் மரத்தடில ஒக்காந்தா வண்டிக்கும் ரெஸ்ட், உனக்கும் ரெஸ்ட், வேற ஒண்ணும் தெரியாது.

பாளை_350:
இல்ல அண்ணாச்சி, ப்ளக்க கழத்தல. சூடா இருக்குன்னு விட்டுட்டேன்.

ஜங்ஷன்_ஸ்பானர்:
சூடாத்தான் இருக்கும். துணி கொண்டு போ.

பேட்டை_வாத்தியார்:
சூடானா நிக்குது, ஆறுனா ஓடுதுன்னா கண்டன்சரா இருக்க நெறய வாய்ப்பு இருக்கு. பாயின்ட் செட்டு வண்டில கண்டன்சர் உள்ள இருக்குற காப்பு கெட்டுப் போனா சூட்டுல கசிய ஆரம்பிக்கும், பொறி செத்துரும், ஆறுனதும் திரும்ப வந்துரும். கார்பு கார்புன்னு மக்க அடிச்சிக்கிடுத பாதி கேசு கடைசில பாயின்ட்டும் கண்டன்சருமாத்தான் முடியுது. பாயின்ட் கேப்பு 0.35லேருந்து 0.40 மிமீக்குள்ள இருக்கணும், பில்லர் கேஜ் (இடைவெளி அளக்குற தகடு) வச்சிப் பாருங்க தம்பி, கண் மதிப்பு வேண்டாம்.

ஜங்ஷன்_ஸ்பானர்:
வாத்தியார் சொல்லுறது நியாயந்தான். அதுக்குத்தான் ப்ளக்கப் பாக்கச் சொன்னேன். பொறி இல்லேன்னா கண்டன்சர் பக்கம் போவோம், பொறி இருந்து ப்ளக்கு காஞ்சிருந்தா பெட்ரோல் பக்கம் போவோம், நனஞ்சி கெடந்தா கார்புல ப்ளோட்டு (பெட்ரோல் மட்டத்தப் பாத்துக்கிடுற மிதவ) பக்கம் போவோம். மூணு வாசல். எந்த வாசல்னு தெரியாம காசு செலவழிக்காத.

ரெட்டக்கார்பு:
தென்காசிலேருந்து வாறேன். என்கிட்ட ராஜ்தூத் 350 இருக்கு, பெட்ரோலோட ஆயிலும் சேந்து எரியுற டூ ஸ்ட்ரோக்கு, ரெண்டு சிலிண்டர் ரெண்டு கார்பு, ஒத்தக் கார்பு வச்சிக்கிட்டு இவ்வளவு அழுவுறவங்களப் பாத்தா சிரிப்பா வருது 😂 கேபிள் ரெண்டும் ஒண்ணுபோல ஸ்லைட (கார்புல காத்து வழிய தொறந்து மூடுற அடைப்பு) தூக்கலேன்னா ஒரு சிலிண்டரு மத்ததச் சொமந்துக்கிட்டு ஓடும், ஒரு ப்ளக்கு கருத்து, இன்னொண்ணு வெளுத்து. நான் பண்ணுறது, ஏர் பில்டரக் கழத்திட்டு ரெண்டு கார்பு வாயிலயும் ஒரே சைசு டிரில் பிட்டு ரெண்டு வாங்கி ஸ்லைடுக்கு அடில சொருகி, ரெண்டும் ஒரே இறுக்கத்துல நிக்குறாப்ல ஐடில் ஸ்க்ரூவ வச்சிட்டு, அந்தால ஆக்சிலேட்டர ரொம்பப் பைய்ய திருவுனா ரெண்டு பிட்டும் ஒரே நேரத்துல கீழ விழணும். ஒண்ணு முந்தி விழுந்தா அந்தக் கேபிள்ல அட்ஜஸ்ட்டு. கேஜு, வாக்குவம் மீட்டரு ஒண்ணும் வேண்டாம். ஆயில் பம்பு கேபிளும் அதே திருவுல தொறக்குதான்னு மார்க்கு பாத்துக்கணும், அத மறந்துதான் பாதி ராஜ்தூத்து பிஸ்டன் புடிச்சி செத்துச்சி.

கல்லிடை_அப்பளம்:
ஆயில் பம்பக் கழத்திட்டு டேங்குலயே ஆயில ஊத்தி ஓட்டுதாவளே எல்லாரும்?

ரெட்டக்கார்பு:
ஓட்டுதாவ. நெறய ஆயில் ஊத்துனா நல்லதுன்னு நெனச்சி ஊத்துதாவ. அந்த ஜெட்டு வழியா ஒரு அளவுதான் போவும்லா, அதுல ஆயில் கூடுனா பெட்ரோல் கொறையும், கலவ லீனாவும் (பெட்ரோல் கம்மி, காத்து கூட), சூடு ஏறும். பிஸ்டனக் காப்பாத்த ஊத்துன ஆயிலே பிஸ்டனுக்கு எமன். சரி, இது பாளை தம்பி இழை, நான் நகந்துக்கிடுதேன்.

பாளை_350:
அண்ணாச்சி, நேத்து சாயங்காலம் போயிட்டு வந்தேன். துணி, ப்ளக் ஸ்பானர் எல்லாம் எடுத்துட்டுப் போனேன். கரெக்டா அதே எடத்துல நின்னுச்சி. ப்ளக்க கழத்துனேன், நல்லா காஞ்சி, ஓரத்துல வெள்ளையா இருந்துச்சி. ஹெட்டுல ஒட்ட வச்சி மிதிச்சேன், பொறி நல்லா நீலமா அடிச்சிது. சரி காஞ்சிருக்குன்னா பெட்ரோல் இல்லியோன்னு டேங்கு மூடியத் தொறந்தேன், "உஸ்ஸ்"ன்னு காத்த உள்ள இழுத்துச்சி பாருங்க, எனக்கு முழுசாத் தூக்கிவாரிப் போட்டுட்டு. மூடிய லூசா வச்சிட்டு மிதிச்சேன், ஒரே கிக்கு. அப்பிடியே மூணடைப்பு வரைக்கும் போயிட்டு வந்தேன், நிக்கவே இல்ல!

மூடில காத்துப் போற ஓட்ட அடஞ்சிருக்கு. பாலிஷ் போடும்போது அழகா இருக்கும்னு நாந்தான் குரோம் மூடி புதுசா வாங்கி மாட்டுனேன், உள்ள இருந்த ரப்பர் வாசரு ஓட்டய முழுசா மறச்சிட்டு. பழைய மூடிய மாட்டிட்டேன்.

ஷார்ஜா_பேட்டைக்காரன்:
150 ரூவா மூடிக்கு 1,800 ரூவா கார்பு வேல. சரியான கணக்கு.

ஜங்ஷன்_ஸ்பானர்:
சிரிக்காதீங்க வே, என் கடைக்கே அப்பிடி வண்டி வந்திருக்கு, நானே ஒரு நா முழுக்க டைமிங்க (பொறி அடிக்குற நேரம்) கழத்தி மாட்டுனது உண்டு. பெட்ரோல் எறங்க எறங்க மேல காத்து வரணும், வரலேன்னா உள்ள வெற்றிடம், ஒரு அளவுக்கு மேல பெட்ரோல் எறங்காது. பத்து நிமிசம் நின்னா அங்கன இங்கன கசிஞ்சி காத்து உள்ள போயிரும், வண்டி ஓடும்.

இப்ப ரெண்டாவது சீக்குக்கு வா. இதையும் கார்புலேருந்து ஆரம்பிக்காத. வண்டி முழுசா ஆறுனபொறவு, காலைல எந்திச்சதும், வலப்பக்கம் டாப்பெட் மூடியக் கழத்து. பிஸ்டன் கம்ப்ரசன்ல மேல இருக்கணும். ரெண்டு புஷ் ராடும் (வால்வத் தொறக்குற கம்பி) வெரலால சுத்துனா சுத்தணும், மேல கீழ ஆட்டுனா ஆடக் கூடாது. ஒண்ணு டைட்டா இருந்தா வால்வு முழுசா மூடாது, ஸ்லோ ஸ்பீடு எந்தக் காலத்துலயும் நிக்காது. பொறவு பாயின்ட் கேப்பு, வாத்தியார் சொன்ன அளவு. பொறவு டைமிங். இத்தனையும் சரின்னா, கார்பு ஹெட்டோட சேர்ற எடத்தப் பாரு. வெளிக்காத்து அங்கதான் திருட்டுத்தனமா உள்ள போவும்.

பாளை_350:
அந்த நட்ட நான் போன வாரமே நல்லா இறுக்கிட்டேன் அண்ணாச்சி, முழு பலத்த குடுத்து.

ஜங்ஷன்_ஸ்பானர்:
சோலிய முடிச்சிட்ட போ.

அது அலுமினியம்லே. ரெண்டு ஓரத்துல நட்டு, நடுவுல ஓ ரிங்கு (ரப்பர் வளையம்). ரெண்டு பக்கமும் முழுப் பலத்துல இறுக்குனா பிளேஞ்சு (கார்பு ஹெட்டோட ஒட்டுற முகம்) வில்லு மாதிரி வளையும், நடுவுல இடைவெளி விழும். இறுக்க இறுக்க காத்து கூடத்தான் போவும். டெஸ்ட் பண்ணிப் பாரு. வண்டிய ஒரு அஞ்சு கிலோமீட்டர் ஓட்டிச் சூடாக்கி ஸ்லோ ஸ்பீடுல நிப்பாட்டு. சின்ன பிச்சாங்குழல் மாதிரி பாட்டில்ல சோப்புத்தண்ணி எடுத்து அந்த ஜாயின்ட்ல மட்டும் பீச்சு. தண்ணி அடைக்குற நேரம் இஞ்சின் சத்தம் மாறுனா அங்க லீக்கு இருக்கு. நாங்கல்லாம் பெட்ரோல ஊத்திப் பாப்போம், ஒரு தடவ முன்னங்கை முடி பூரா பொசுங்குனப்பொறவு விட்டுட்டேன். நீ செய்யாத.

பேட்டை_வாத்தியார்:
இங்க இன்னொண்ணும் சேத்துக்கிடணும். 2023லேருந்து பங்குல இ20 வர ஆரம்பிச்சிட்டு, அதாவது நூத்துக்கு இருவது எத்தனால். 1991ல அந்த வண்டிய செஞ்சவங்களுக்கு இது தெரியாது. பழைய ரப்பரு, ஓ ரிங்கு, ப்ளோட்டு வாசரு எல்லாத்தையும் எத்தனால் ஊற வச்சி இளக்கிரும். ஓ ரிங்கு புதுசு போடுறப்ப எத்தனால் தாங்குற சரக்கான்னு கேட்டு வாங்குங்க. வண்டி மாசக்கணக்கா நிக்கப் போவுதுன்னா கார்புல உள்ள பெட்ரோல வடிச்சிருங்க, எத்தனால் ஈரத்த இழுக்கும், தண்ணியோட சேந்து அடில தங்கி ப்ளோட்டு சட்டிய அரிச்சிரும்.

கல்லிடை_அப்பளம்:
எல்லாத்துக்கும் இ20ன்னு சொல்லுதது இப்ப பேஷனாப் போச்சி. எங்க அப்பா வண்டி அதே பெட்ரோல்லதான் ஓடுது, ஒண்ணும் ஆவல.

பேட்டை_வாத்தியார்:
உங்க அப்பா வண்டி எது தம்பி?

கல்லிடை_அப்பளம்:
போன வருசம் வாங்குன ஸ்கூட்டர்.

பேட்டை_வாத்தியார்:
அதுல கம்ப்யூட்டர் இருக்கு, எவ்வளவு ஊத்தணும்னு அதுவா பாத்துக்கிடும். கார்புக்கு மூள கெடையாது. கணக்கு சொல்லுதேன், கிளாஸ் எடுக்குதேன்னு நெனைக்காதீங்க. சுத்த பெட்ரோல் ஒரு பங்கு எரிய எடைல 14.7 பங்கு காத்து வேணும். எத்தனாலுக்கு 9 பங்கு போதும். இருவது சதவீதம் கலந்தா கிட்டத்தட்ட 13.5க்கு வரும். அதாவது அதே காத்துக்கு கிட்டத்தட்ட ஒம்பது சதவீதம் கூட பெட்ரோல் ஊத்தணும். ஜெட்டு ஓட்ட அப்பிடியேதான இருக்கு, அப்ப கலவ லீனாத்தான் இருக்கும். அன்னைக்கு சரியா இருந்த செட்டிங்கு இன்னைக்கு லீன். இத வச்சி வண்டியே கெட்டுப் போச்சுன்னு பயப்படவும் வேண்டாம், ஒண்ணுமே இல்லேன்னு சொல்லவும் வேண்டாம்.

பாளை_350:
லீக்கு இருக்கு அண்ணாச்சி!! சோப்புத்தண்ணி பட்டதும் ரேஸ் எறங்கி அணஞ்சே போச்சி. டாப்பெட்டுல எக்சாஸ்ட் பக்க ராடும் கொஞ்சம் டைட்டு, சுத்த மாட்டேங்குது, அத சரி பண்ணிட்டேன். பாயின்ட் கேப்பு 0.40 இருந்துச்சி, விட்டுட்டேன். கார்ப கழத்தி பிளேஞ்ச கண்ணாடி மேல வச்சிப் பாத்தா நடுவுல வெளிச்சம் தெரியுது. இப்ப புது கார்புதானா?

ஜங்ஷன்_ஸ்பானர்:
எதுக்கு. கண்ணாடி இருக்குல்லா, அது மேல நைசு எமரி பேப்பர ஒட்டு, 400 நம்பர் போதும். ரெண்டு சொட்டு ஆயில் விடு. பிளேஞ்ச அது மேல வச்சி எட்டுப் போடுற மாதிரி சுத்திச் சுத்தி தேயி, ஒரே பக்கம் அழுத்தாத. அஞ்சு நிமிசத்துக்கு ஒரு தடவ பாரு. முகம் பூரா ஒரே நெறம் வந்துட்டா போதும். ஆனா ஓ ரிங்கு ஒக்காருற பள்ளம் ஆழங் கொறஞ்சிரக் கூடாது, ரிங்கு கொஞ்சம் வெளிய நிக்கணும், நசுங்குறதுக்கும் எடம் வேணும். தேச்ச தூளு ஒண்ணு கூட உள்ள இருக்கக் கூடாது, பெட்ரோல்ல கழுவி காத்தடி. கருப்பு இன்சுலேட்டர் அட்டை ஒடஞ்சிருந்தா மாத்து, இஞ்சின் சூடு கார்புக்கு ஏறாம அதுதான் தடுக்குது. மாட்டும்போது ரெண்டு நட்டையும் மாத்தி மாத்தி, ஸ்பானர நடுவுல புடிச்சி இறுக்கு, நுனில புடிக்காத.

கழத்தித்தான் வச்சிருக்க, அப்பிடியே மெயின் ஜெட்டையும் (முழுசா முறுக்குறப்ப பெட்ரோல் அளவ வைக்குறது) கழத்தி நம்பரப் பாத்து சொல்லு.

பாளை_350:
80ன்னு போட்டிருக்கு அண்ணாச்சி. லென்சு வச்சிப் பாத்தேன்.

ரெட்டக்கார்பு:
அட சவமே.

ஷார்ஜா_பேட்டைக்காரன்:
என்ன, எண்பது கொறச்சலா? எனக்கு வெளங்கல, யாராவது சொல்லுங்க.

ஜங்ஷன்_ஸ்பானர்:
என் கைல வந்த மிக்கார்ப் 350 பூராவும் 90 போட்டுதான் வரும். யாரோ மைலேஜு வரட்டும்னு 80 போட்டிருக்காவ. கேட்டா "லிட்டருக்கு அஞ்சு கூடுதலா குடுக்கும் சார்"ன்னு சொல்லுவாவ. பழைய பெட்ரோல்லயே 80 பத்தாது, இப்ப இ20 வேற. உன் 80 கிலோமீட்டர் சீக்கு அதுதான். ப்ளக்கு ஓரம் வெள்ளையா இருந்துச்சின்னு சொன்னப்பவே எனக்கு சந்தேகம். மூடி அடஞ்சதுனாலயும் வெளுக்கும்லான்னு பேசாம இருந்தேன்.

லீனா ஓடுனா இந்த மாதிரி காத்துல ஆறுற இஞ்சினுக்கு ரொம்பக் கேடு தம்பி. தண்ணி கூலிங்கா இருந்தா கொஞ்சம் தாங்கும். இஞ்சினுக்குள்ள போற பெட்ரோலும் ஒரு கூலிங்குதான். சித்திர வெயில்ல நாலுவழிச் சாலைல லீன் ஜெட்டோட முறுக்குனா எக்சாஸ்ட் வால்வு கருகும், பிஸ்டன் புடிக்கும். மைலேஜுல மிச்சம் புடிச்ச காசு ரீபோரிங்குல (சிலிண்டரக் கொடஞ்சி சரி பண்ணுறது) போயிரும்.

ரெட்டக்கார்பு:
சில பேரு இன்னும் மோசம், ஜெட்டுல குத்தூசிய விட்டுக் கொடஞ்சி பெருசாக்குவான். நம்பரு 90 இருக்கும், உள்ள ஓட்ட எவ்வளவுன்னு ஆண்டவனுக்குத்தான் தெரியும். அறுகோணத் தல உள்ள மிக்குனி ஜெட்டுல அந்த நம்பரு ஓட்ட அளவு கெடையாது, எவ்வளவு பாயுதுங்குற கணக்கு. ஊசியால ஒரு கீறு விழுந்தாலே கணக்கு போச்சி. சுத்தம் பண்ணணும்னா பெட்ரோல்ல ஊறப் போட்டு காத்தடிக்கணும், கம்பி விடக் கூடாது.

பாளை_350:
90 வாங்கணுமா, வாத்தியார் கணக்குப்படி இன்னும் பெருசா வாங்கணுமா?

ஜங்ஷன்_ஸ்பானர்:
90, 95 ரெண்டும் வாங்கு. நல்ல கம்பெனி சரக்கா வாங்கு, தட்டுல குமிச்சி வச்சி விக்குறது வேண்டாம். மொதல்ல 90 போடு. ஒரு நேரத்துல ஒரு மாத்தம்தான். ஜெட்டு, ஊசி, ஸ்க்ரூ மூணையும் ஒரே நாள்ல மாத்துனா எதுனால நல்லாச்சி எதுனால கெட்டுச்சின்னு உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

இப்ப ஸ்லோ ஸ்பீடு செட்டிங்கு சொல்லுதேன். வண்டிய நல்லா ஓட்டிச் சூடாக்கிட்டு வா. ஏர் ஸ்க்ரூவ மெதுவா உள்ள திருவு, தட்டுனதும் நிப்பாட்டு, இறுக்காத, முன முறிஞ்சா கார்பே போச்சி. அங்கேருந்து ஒண்ணர சுத்து வெளிய. ஐடில் ஸ்க்ரூவ வச்சி ரேஸ கொஞ்சம் தூக்கி வையி. இப்ப ஏர் ஸ்க்ரூவ கால் கால் சுத்தா திருவு, ஒவ்வொரு தடவையும் செத்த நேரம் பொறு, இஞ்சினுக்கு வெளங்க நேரம் வேணும். எங்க ரேஸ் உச்சமாவும் சீராவும் இருக்கோ அங்க விட்டுட்டு ஐடில எறக்கு. இந்தக் கார்புல அது காத்து ஸ்க்ரூ, உள்ள போனா கலவ கெட்டி (பெட்ரோல் கூட), வெளிய வந்தா லீன். ஒரு சுத்துக்குள்ளயே நல்லா இருக்குன்னா ஸ்லோ ஜெட்டு (ஸ்லோ ஸ்பீடுக்கு பெட்ரோல் விடுறது) பத்தலன்னு அர்த்தம், ரெண்டர சுத்து வெளிய வந்தாதான் நிக்குதுன்னா ஸ்லோ ஜெட்டு பெருசு. நடுவுல நின்னா கை வைக்காத.

போர்ட்டிகோல அரமணி நேரம் நிப்பாட்டி வச்சிக்கிட்டு செய்யாத. ஓடுறப்ப காத்துல ஆறுற இஞ்சினு, நின்னா கொதிக்கும், அந்தக் கொதிப்புல வச்ச செட்டிங்கு ரோட்டுல வேற மாதிரி இருக்கும். முன்னால ஒரு பேன வையி, அஞ்சு நிமிசத்துல வேலைய முடி, இல்லேன்னா ஒரு ரவுண்டு போயிட்டு வந்து திரும்ப ஆரம்பி.

கல்லிடை_அப்பளம்:
அண்ணாச்சி, ஸ்லைடுல தொங்குற ஊசிக்கு கிளிப்பு எதுக்கு இருக்கு? நான் பாட்டுக்கு மேல கீழ மாத்தி மாத்திப் போடுவேன், ஒண்ணும் வித்தியாசம் தெரியல.

ஜங்ஷன்_ஸ்பானர்:
நீ பாட்டுக்கு மாத்துனா அப்பிடித்தான். ஆக்சிலேட்டர் பிடில ஒரு வெள்ள டேப்பு ஒட்டி கால், அர, முக்கான்னு பேனாவால கோடு போடு. ஊசி வேல செய்யுறது காலுக்கும் முக்காலுக்கும் நடுவுல. கிளிப்ப மேல் வெட்டுல போட்டா ஊசி எறங்கும், லீன். கீழ் வெட்டுல போட்டா ஊசி தூக்கும், கெட்டி. நம்ம ஆளுக வண்டி ஓட்டுறது பூரா அந்த அர தெறப்புலதான், மைலேஜு அங்கதான் இருக்கு, ஆனா எல்லாரும் கை வைக்குறது மெயின் ஜெட்டுல. முக்காலுக்கு மேல முறுக்குனாத்தான் மெயின் ஜெட்டு ஆட்சி.

பாளை_350:
ஒரு வாரமா எழுத முடியல, மன்னிச்சிக்கிடுங்க. பிளேஞ்ச தேச்சாச்சி, ஓ ரிங்கு புதுசு, 90 ஜெட்டு போட்டாச்சி. ஏர் ஸ்க்ரூ ஒண்ணே முக்கால் சுத்துல நல்லா நிக்குது. சிக்னல்ல அணையல, பட்டாசும் அடங்கிட்டு. 80ல முன்னாடி மாதிரி புடிச்சி இழுக்கல, ஆனா 90 கிலோமீட்டர் வேகம் போகச் சொன்னா யோசிக்குது. சேரன்மாதேவி வழியா அம்பைக்கு (அம்பாசமுத்திரம்) போனப்ப ரொம்ப மோசம், திரும்பி வர்றப்ப அருமையா வந்துச்சி. இது என்ன கூத்துன்னு தெரியல.

ஷார்ஜா_பேட்டைக்காரன்:
ஏலே, ஆனி மாசம் மேகாத்துக்கு (மேற்கேருந்து வீசுற காத்து) நேரா அம்பைக்குப் போனா எந்த வண்டியும் அப்பிடித்தான். சின்ன வயசுல சைக்கிள மிதிச்சவனுக்குத் தெரியும், போறப்ப ரெண்டு மணி நேரம், வர்றப்ப மிதிக்கவே வேண்டாம்.

ஜங்ஷன்_ஸ்பானர்:
ஷார்ஜாக்காரர் சொன்னது சரி. மேகாத்து வீசுற மாசத்துல மேற்க போயி ஜெட்டு டெஸ்ட் பண்ணாத. விடியக்காலம் அஞ்சர மணிக்கு காத்து கெளம்புறதுக்கு முன்னாடி, வண்டி இல்லாத நேரான ரோடாப் பாத்து போ. ஒரே ரோட்டுல போயி, திரும்பி வா, ரெண்டையும் சேத்துப் பாரு.

மூணாவது கியர்ல முழுசா முறுக்கி ஓடு. அந்தால பிடிய லேசா ஒரு நூலு திருப்பி விடு. விட்டதும் வண்டி கொஞ்சம் முன்னுக்குப் பாஞ்சா லீன், ஏன்னா காத்து கொறஞ்சதும் கலவ சரியாவுது. பாயாம சாதாரணமா வேகம் எறங்குனா சரி. சோக்க லேசா இழுத்தும் பாக்கலாம், இழுத்ததும் நல்லா ஓடுனா லீன்தான். அதுக்குப் பொறவுதான் ப்ளக்கு. முழு தெறப்புல ஒரு கிலோமீட்டர் ஓடிட்டு, அப்பிடியே கிளட்ச புடிச்சி சாவிய அணை, ஓரங்கட்டி ப்ளக்க கழத்திப் பாரு. வீடு வரைக்கும் ஓட்டிட்டு வந்து பாத்தா ஸ்லோ ஜெட்டு கலரத்தான் பாப்ப. இப்ப உள்ள பெட்ரோல்ல பழைய மாதிரி செங்கல் கலர் ஏறாது, அத எதிர்பாக்காத. பால் வெள்ளையா கொப்பளிச்ச மாதிரி இருந்தா ஆபத்து, கரி அப்பியிருந்தா கெட்டி.

பேட்டை_வாத்தியார்:
ஹெல்மெட்டு, ஷூ போட்டுக்கிட்டு போங்க தம்பி. பின்னால யாராவது தொணைக்கு வரட்டும்.

கல்லிடை_அப்பளம்:
நான் வாறேன் மாப்ள. ஆனா அஞ்சர மணின்னா... சரி வாறேன்.

ரெட்டக்கார்பு:
ஒரு சின்ன கேள்வி அண்ணாச்சி. செட்டிங் வச்ச பொறவு கொடைக்கானல் போனா மாத்தணுமா? எங்க கூட்டம் டிசம்பர்ல போவுது.

ஜங்ஷன்_ஸ்பானர்:
மேல போனா காத்து மெலிசு, கலவ தானா கெட்டியாவும், 2,100 மீட்டர் உயரம்லா அது. இழுவை கொறையும், கொஞ்சம் புகையும், ஆனா இஞ்சினுக்குக் கெடுதல் இல்ல. ரெண்டு நாளைக்கு கை வைக்காத. மேல வச்சி ஜெட்ட சின்னதாக்கிட்டு அப்பிடியே மறந்து கீழ எறங்குனாத்தான் பிஸ்டன் போவும். உன் ராஜ்தூத்துக்கு ரொம்ப சீக்கிரமாப் போவும்.

பாளை_350:
இன்னைக்கு காலைல போயிட்டு வந்தோம். அப்பளம் சொன்ன மாதிரியே வந்தான், ஆனா ஆறேகாலுக்கு.

90 ஜெட்டுல முழுசா முறுக்கி லேசா விட்டதும் வண்டி பாஞ்சுது, ரெண்டு பக்கமும் அதேதான். ஓரத்துல நிப்பாட்டி சூட்டோட சூடா 95 மாட்டுனோம், ரெண்டு வெரலு சுட்டுட்டு. திரும்ப ஓட்டுனா பாய்ச்சல் இல்ல. ப்ளக்கு உள்ள பீங்கான் லேசான டீ கலர்ல இருக்கு, வெளி வளையம் மட்டும் கருப்பு. பெரியப்பா காலத்துக்குப் பொறவு இந்த வண்டி மூணாவது கியர்ல இப்பிடி இழுத்து நான் பாத்ததில்ல, அப்பளத்தோட புது ஸ்கூட்டர் பின்னாலதான் வந்துச்சி 😁

கல்லிடை_அப்பளம்:
நான் மெதுவாத்தான் வந்தேன்.

ஜங்ஷன்_ஸ்பானர்:
95 இருக்கட்டும். 90ஐ தாள்ல சுருட்டி டூல் பாக்ஸ்ல போடு, 80ஐ தூக்கி எறி, யாரு கைக்கும் குடுத்துராத. ஊசி கிளிப்பு எந்த வெட்டுல இருக்கு?

பாளை_350:
நடுவுல, மேலேருந்து மூணாவது. அத இன்னும் தொடல அண்ணாச்சி, ஒரு டேங்கு ஓட்டி மைலேஜு பாத்துட்டு சொல்லுதேன்.

வீட்டுக்கு வந்து போர்ட்டிகோல ஸ்லோ ஸ்பீடுல விட்டேன். பெரியப்பா உள்ளேருந்து கைத்தடிய ஊனிக்கிட்டு வந்து ஒண்ணும் பேசாம கொஞ்ச நேரம் ஆம்ப் மீட்டர் முள்ளையே பாத்துக்கிட்டு நின்னாவ. அது ஒவ்வொரு அடிக்கும் லேசா ஆடும்லா, அத எண்ணுவாவ போல. "இன்னும் ஒரு நூலு எறக்குலே, எண்ணுத அளவுக்கு இருக்கணும்"ன்னாவ. எறக்குனேன். அணையல. அந்தால சேரப் போட்டு பக்கத்துலயே ஒக்காந்துட்டாவ, பெரியம்மா உள்ளேருந்து பெட்ரோலு வீணாப் போவுதுன்னு சத்தம் போடுத வரைக்கும்.